தனி வட்டலும் கண் ஆபரேஷனும்

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, எச்.ஐ.வி. ஆலோசகரான எனக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 57, எச்.ஐ.வி. உள்ளவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு, அவர் வார்த்தையிலேயே சுருக்கித் தருகிறேன்.

"எங்க ஊட்டுக்காரர் லாரி டிரைவருங்க. நாமக்கல்லுல லோடு ஏத்துனா நாக்பூரு, இந்தூருன்னு போயிட்டு இருபது நாள் கழிச்சு வருவாரு. 2006-ல தவறிட்டாரு. அப்பப் பாத்த டெஸ்டுல எனக்கும் இருக்குன்னு சொன்னாங்க. 2007-ல இருந்து சேலம் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிடறேன், ஒரு நாள் உட்டதில்லை. பையனுக்கு இல்லைன்னு அப்பவே பாத்துட்டோம். இப்ப அஞ்சு வருசமாச் சக்கரையும் சேந்துக்கிச்சு. அதுக்கு இங்கயே ஒரு டாக்டரு, அவருகிட்ட இதைச் சொல்லலை. காலு எரியுது, வயிறும் சரியில்லை. போன மாசம் கண்ணுல புரைன்னு ஒரு பிரைவேட் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேசனுக்கு முன்னாடின்னு ரத்தம் எடுத்தாங்க. மக்யா நாளு நர்சம்மா எல்லாரும் உக்காந்திருக்கற எடத்துலயே, உங்களுக்கு இந்த வியாதி இருக்குது, இங்க பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கூட வந்த மருமகளுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்ப இருந்து எனக்குத் தனி வட்டலு, தனி டம்ளரு. எட்டு மாசப் பேத்தியத் தூக்க உடறதில்லை. பையன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். ஊட்டை எழுதிக் குடுங்கன்னு மட்டும் ஒரு பேச்சு வருது. எழுதிக் குடுத்துட்டு எங்காச்சும் ஆசிரமத்துக்குப் போயிடலாமான்னு இருக்குதுங்க. இருந்து என்னத்தக் கண்டேன்."

அக்கா, வணக்கமுங்க.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஆனால் முதலில் பேத்தி, ஏனென்றால் அந்த ஒரு வரியில்தான் உங்கள் கையெழுத்து கோணிப் போயிருக்கிறது.

பேத்தியைத் தூக்கலாம். மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம், குளிப்பாட்டி விடலாம், முத்தம் கொடுக்கலாம், பருப்புச் சோறு குழைய பிசைந்து ஊட்டலாம். இந்தக் கிருமி பரவுகிற வழிகள் பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமி உள்ள ரத்தம், ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவது, அப்புறம் தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்குப் போவது, இவ்வளவுதான். வட்டல், டம்ளர், கக்கூஸ், கொசு, வேர்வை, இருமல், ஒரே பாயில் படுப்பது, இவை எதிலும் பரவாது. ஒரே ஒரு விஷயம் மட்டும்: சில பெரியவர்கள் சோற்றைத் தங்கள் வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டுவார்களே, அது வேண்டாம். எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த அப்பத்தாவுக்கும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

இது எல்லா எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் பொது. உங்களுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. கடைசியாக எடுத்த வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ரத்தத்தில் கிருமி இயந்திரத்தின் கணக்குக்கே சிக்காத அளவுக்குக் குறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மாத்திரையை விடாமல் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலமாகக்கூட இன்னொருத்தருக்குப் போகாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. குணமாகிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்புக்குள் சில அணுக்களில் அது ஒளிந்துகொண்டுதான் இருக்கும், மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எழுந்துவிடும். ரத்த தானமும் செய்யக் கூடாது. ஆனால் பேத்தியைத் தூக்குவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி கடைசி வரிக்கு வருகிறேன். 'இருந்து என்னத்தக் கண்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சலிப்பில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான், ஆனால் என் வேலையில் அதை அப்படி விட்டுவிட முடியாது. ராத்திரி தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா? வந்தால் யாரிடமும் மறைக்க வேண்டாம், இன்றைக்கே 14416க்குப் போன் செய்யுங்கள். மனநல உதவிக்கான அரசாங்க எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. எச்.ஐ.வி.க்கு மாத்திரை வாங்குகிற சேலத்து ஏ.ஆர்.டி. மையத்திலும் ஆலோசகரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரை எண்ணிக் கொடுப்பதோடு முடிகிற மையம் அல்ல அது, நீங்கள் உட்கார்ந்து பேசவும்தான் அந்த நாற்காலி போட்டிருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு மேலாக ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நாங்கள் சொல்கிறோம், உங்களைப் போல் இருப்பவர்களைப் புதிதாக வருகிறவர்களிடம் உதாரணமாகக் காட்டித்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

சரி, உடம்புக்கு வருவோம். இதைத்தான் நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இல்லை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், புரை வைத்துக்கொண்டு நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்.

உங்களுக்கு இன்றைக்கு எச்.ஐ.வி.யால் உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. அது அடங்கிக் கிடக்கிறது. ஆபத்து எங்கே என்றால், சேலத்து டாக்டருக்கு உங்கள் சர்க்கரை வைத்தியத்தைப் பற்றித் தெரியாது, ஊர் டாக்டருக்கு உங்கள் சேலத்து வைத்தியத்தைப் பற்றித் தெரியாது, இரண்டு சீட்டும் இரண்டு பையில் இருக்கிறது. அந்த இரண்டு பையும் ஒன்று சேர வேண்டும். இந்தக் கடிதத்துக்கு நான் சொல்கிற ஒரே பதில் அதுதான் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இப்போது நீங்கள் சாப்பிடுகிற ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்து இருக்கிறது: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000, காலையும் ராத்திரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். டோலுடெக்ராவிர் என்ன செய்யும் என்றால், மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேறுவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ஃபார்மின் பொதுவாக ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். உங்களுக்கு 2000 போகிறது. வயிறு சரியில்லை, அடிக்கடி பேதி என்கிறீர்களே, காரணம் இதுவாகவே இருக்கலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் இருந்தால் இன்னும் பெரிய தொந்தரவில் கொண்டுபோய் விடும். ஊர் டாக்டர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லப்படவில்லை. நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள், நான் ஆலோசகர்தான், அளவை மாற்ற வேண்டியவர் டாக்டர். ஆனால் இந்த வாரமே காட்டுங்கள், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது என்று தள்ளிப் போட வேண்டாம். வாந்தியும் நிற்காமல் மூச்சும் வாங்க ஆரம்பித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம் கால்சியம் மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், ராத்திரி படுக்கப் போகும்போது அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதாகவும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பரவாயில்லை. வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட்டால் கால்சியம் போய் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும், அதில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிவிடும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துக்குக் கணக்கு வேறு: அதைக் குடித்தால் ஏ.ஆர்.டி. மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னாலோ, ஆறு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். பதினெட்டு வருடம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு, கடைசியில் ஒரு கால்சியம் மாத்திரையால் அது வீணாகக் கூடாதுங்க அக்கா.

மூட்டு வலிக்கு அதே கடையில் வலி மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்தில் யார்தான் சாப்பிடாமல் இருக்கிறார்கள். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும், சர்க்கரையும் அதையேதான் செய்யும், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் அதையேதான் செய்யும். மூன்றும் ஒரே இடத்தில் அடித்தால் சிறுநீரகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் சும்மா 'நல்லா இருக்கறனுங்க' என்று சொல்லி மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறீர்கள் இல்லையா, அங்கேதான் இதெல்லாம் விட்டுப்போகிறது.

கால் எரிச்சலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு உங்கள் பழைய கதை தேவைப்படுகிறது. நம் நாட்டில் 2004 ஏப்ரலில்தான் இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்தார்கள், நீங்கள் 2007. அந்தக் காலத்தில் ஸ்டாவுடின் என்று ஒரு மருந்து அந்தக் கூட்டில் இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் நிறையப் பேருக்குக் கன்னம் ஒட்டி, கை கால் சூம்பி, பாதம் எரிய ஆரம்பித்தது. 'மூஞ்சியப் பாத்தே ஊருல கண்டுபுடிச்சுருவாங்க' என்று அந்த நாளில் அழுத பெண்களை எனக்குத் தெரியும். பின்னால் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நரம்பில் அது விட்டுப்போன எரிச்சல் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 சத்து குறைந்தும் எரிச்சல் வரலாம், இது ஒன்று சுலபமாகச் சரி செய்யக்கூடியது, அதனால் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எது காரணமானாலும் இனிமேல் காட்டுக்குப் போகும்போது வெறுங்காலோடு போகாதீர்கள், பொழுதுசாய வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், புண் வந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் உடனே காட்டுங்கள்.

உங்கள் வயதுப் பெண்களுக்கு இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வர மற்றவர்களைவிட ஆறு மடங்கு வாய்ப்பு அதிகம். அரசு ஆஸ்பத்திரியில் அஞ்சு நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள், காசு இல்லை. தீட்டு நின்று பல வருடம் ஆச்சு, எனக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், பாருங்கள். இருமல், ராத்திரி வேர்வை, காய்ச்சல், எடை குறைவது, இதில் எது வந்தாலும் தறிப் பஞ்சு என்றோ பனி என்றோ விடாமல் டி.பி. பார்த்துவிட வேண்டும். கிருமி அடங்கியிருந்தாலும் டி.பி. விஷயத்தில் உங்களுக்கு அசட்டை கூடாது.

சர்க்கரை டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்குவீர்கள். சட்டப்படி உங்களை யாரும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட் உத்தரவு இருந்தால் தவிர. ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஒறம்பரைக்குச் சொல்ல வேண்டாம், மருந்து எழுதுகிற கைக்கு மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த டாக்டரின் கம்பவுண்டர் உங்கள் ஊர்க்காரர், சொன்னால் பரவிவிடும் என்று பயமாக இருந்தால், சரி, அவரை விட்டுவிடுங்கள். சர்க்கரை வைத்தியத்தையே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏ.ஆர்.டி. மையம் இருக்கிற அதே வளாகம், டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கினால் போதும். மாத்திரை வாங்கப் போகிற அன்றைக்கே சர்க்கரையும் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கொண்டுவருகிற பெண்ணுக்கு உங்கள் சர்க்கரை தெரிந்தால் போதும், மற்றது தெரிய வேண்டியதில்லை.

கண் ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். படித்ததும் எனக்குக் கை நடுங்கியது, கோபத்தில்.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக்கு 2017இல் ஒரு சட்டம் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்களுக்கு விளக்கிச் சொல்லி, உங்கள் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது. 'ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம்' என்று மொட்டையாகச் சொல்லி எடுப்பது சம்மதம் ஆகாது. உங்கள் நிலையை வேறு யாருக்கும், மருமகளாகவே இருந்தாலும், உங்கள் அனுமதி இல்லாமல் அவர்கள் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வைத்தியம் மறுக்கக் கூடாது, அது பிரைவேட் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். அவர்கள் மூன்றையும் செய்திருக்கிறார்கள். எந்த நோயாளியாக இருந்தாலும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி சுத்தம் என்றுதான் ஆபரேஷன் தியேட்டர் நடக்க வேண்டும். டெஸ்ட் எடுக்காத பத்துப் பேரில் யாருக்கு இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கிருமி அடங்கிக் கிடக்கிற உங்களை அனுப்பிவிட்டு என்ன பாதுகாப்பைத் தேடிக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் முதலில் கண், அப்புறம் புகார். ஏ.ஆர்.டி. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த மையம் இருக்கிற சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷனும் உள்ளே வைக்கிற லென்ஸும் இலவசம். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது, அது உங்களுக்குப் போகவரச் சௌகரியம் என்றால் அங்கேயும் போகலாம். எங்கே போனாலும் வைரல் லோடு ரிப்போர்ட்டையும் சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டுத்தான் கண்ணில் கை வைப்பார்கள், அது எல்லாருக்கும் நடப்பது, உங்களை மறுக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். புரையோடு சேர்த்து, சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

புகார் கொடுக்க வேண்டும் என்றால் அந்தச் சட்டத்தின் கீழ் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். புகார் வந்த 30 நாளுக்குள் அவர் உத்தரவு போட வேண்டும், உயிருக்கு அவசரமான வைத்தியம் என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். பெயர் வெளியே வராமல் நடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கே எப்படி எழுதுவது என்று 1097க்குப் போன் செய்து கேட்டால் சொல்வார்கள், அது எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கான இலவச எண். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீலும் இலவசமாகக் கிடைப்பார், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்களை நெருக்க மாட்டேன். உங்களுக்குத் தெம்பு இருந்தால் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் அதே நாற்காலியில் இன்னொருத்தி போய் உட்காருவாள், அவளை நினைத்துத்தான் எனக்கு நீங்கள் கொடுத்தால் நல்லது என்று படுகிறது.

மருமகள் பற்றி. உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெண் பக்கமும் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்யாணம் ஆகி வந்த வீட்டில் மாமியாருக்கு எச்.ஐ.வி. என்று ஒரு நர்ஸ் நடுக்கூடத்தில் சொல்லித் தெரிந்துகொண்டாள். கையில் எட்டு மாசக் குழந்தை. பயப்படாமல் என்ன செய்வாள்? உங்கள் பையனுக்குப் பதினைந்து வயதிலிருந்தே தெரியும், கட்டின பெண்ணிடம் சொல்லவில்லை. தனி வட்டல் பயத்தால் வந்தது, அது நாலு வார்த்தை விளக்கிச் சொன்னால் போய்விடும். ஆனால் வீட்டில் இருக்கிற இறுக்கம் மறைத்ததால் வந்த கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது, அது உங்கள் மேலே வந்ததைவிடப் பையன் மேலே வந்த கோபம். அவன் வாயைத் திறக்காமல் இருப்பதும் அதனால்தான் இருக்கும். அவனுக்கும் அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நீங்கள் பேச வேண்டாம், நீங்கள் பேசினால் அழுகையில்தான் முடியும். அடுத்த முறை சேலம் போகும்போது பையனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்னாடியே ஆலோசகரிடம் போனில் சொல்லி, 'என் வீட்டாரிடம் என் நிலையைப் பற்றிப் பேசலாம்' என்று உங்கள் சம்மதத்தைக் கொடுத்துவிடுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்வார்கள். மருமகளைக் கேள்வி கேட்க விடுங்கள். குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கணுமா என்றுதான் முதலில் கேட்பாள், எப்போதும் அதுதான் முதல் கேள்வி. உங்கள் பையனுக்குக் கிருமி இல்லை, அதனால் உங்கள் வழியாக அந்தக் குழந்தைக்கு வர வழியே இல்லை, டெஸ்ட் தேவையில்லை. இருந்தும் அவளுக்கு மனசு கேட்கவில்லை என்றால் அரசாங்கம் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையத்தில் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், இலவசம், ரகசியம். கர்ப்பமாக இருந்தபோதே அவளுக்கு அந்த டெஸ்ட் சொல்லிக் கேட்டு எடுத்திருப்பார்கள், தாய்–சேய் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். நான் பார்த்த குடும்பங்களில் ஒரு மருமகள் இப்படி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வெளியே வந்ததும் மாமியாருக்கு வாங்கின டீயில் மீதியை எடுத்துத் தானே குடித்தாள். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் நடக்காது. சில வீட்டில் ஆறு மாசம் ஆகியிருக்கிறது. வட்டல் விஷயத்தில் அதுவரை ஒன்று செய்யலாம்: நீங்கள் சமைப்பதை நிறுத்தாதீர்கள். அரிசியும் பருப்பும் நீங்கள் வைத்தால்தான் பையன் ரெண்டு வாய் அதிகம் சாப்பிடுவான் என்று எழுதியிருக்கிறீர்களே, வையுங்கள். காய் அரியும்போது கை பட்டு ரத்தம் வந்தால் எல்லாரும் செய்கிற மாதிரி கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு மேற்கொண்டு வேலையைப் பாருங்கள்.

வீடு. பட்டா உங்கள் பேரில் இருக்கிறது, மகளிர் குழுக் கடன் வாங்கிக் கட்டினது என்கிறீர்கள். அப்படியென்றால் அது உங்கள் வீடு. எழுதிக் கொடுக்காதீர்கள். பையன் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை, அந்தப் பேச்சை யார் ஆரம்பித்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தான செட்டில்மென்ட் ஒரு தடவை பதிவாகிவிட்டால் நினைத்த மாதிரி நீங்களாகத் திருப்பி வாங்க முடியாது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யலாம் என்று 2007 சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், அது 60 வயது ஆனவர் எழுதிக் கொடுத்ததற்கு, அதுவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால்தான். உங்களுக்கு இன்னும் 60 ஆகவில்லை. பையனுக்குத்தான் சேரணும் என்று ஆசை இருந்தால் உயில் எழுதுங்கள், உங்கள் காலத்துக்கு அப்புறம் அவனுக்குப் போகும், அதுவரை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பையன் சோறு போடாமல் விட்டால் ஜீவனாம்சம் கேட்டு அதே சட்டத்தில் கோட்டாட்சியரிடம் போகலாம், அதற்குப் பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நம்புகிறேன்.

ஆசிரமம் வேண்டாம். உங்கள் சொந்த வீட்டை விட்டு நீங்கள் ஏன் போக வேண்டும்?

விதவை உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் வருவாய்த் துறையில் உங்கள் நிலையைப் பார்த்து முடிவு செய்வார்கள், அதில் எச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

தனியாகத்தான் இருக்கிறேன் என்று நினைப்பு வரும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்களைப் போலவே லாரி டிரைவரைக் கட்டி, கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே தனக்கும் கிருமி என்று தெரிந்துகொண்ட பெண்தான் நாமக்கல் பக்கத்து கௌசல்யா. 1998இல் அவரும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பாசிட்டிவ் பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசினார். அவரைப் போல் நீங்கள் வெளியே வந்து பேச வேண்டும் என்று சொல்லவில்லை, அது அவரவர் விருப்பம். மாவட்டங்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்துகிற சங்கங்கள் இருக்கின்றன, உங்களுக்கு எது கிட்டத்தில் என்று ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே சொல்லாமலே அவர்களுக்குப் புரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதை மட்டும் திரும்பச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையும், கால்சியம், வலி மாத்திரை, யாரோ கொடுத்த லேகியம் இருந்தால் அதுவும், சர்க்கரை டாக்டரின் சீட்டு, ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு சேலம் போங்கள். டாக்டர் மேஜையில் அப்படியே கொட்டுங்கள். வெசனப்படாதீங்க அக்கா, திட்ட மாட்டார்கள். கிரியாட்டினின் எவ்வளவு வந்தது, மெட்ஃபார்மினை எவ்வளவு ஆக்கினார்கள், கண்ணுக்கு எந்தத் தேதி கொடுத்தார்கள், மூன்றையும் எனக்கு எழுதுங்கள். மருமகள் உங்களோடு வர ஒத்துக்கொண்டாளா என்பதையும்.